அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் அரபுக் குதிரைச் சந்தை 1980களில் ஏன் சரிந்தது?

முக்கியக் காரணம் வரிச் சட்டம். ஸ்காட்ஸ்டேல் கண்காட்சி 1955-ல் ஏறக்குறைய 50 குதிரைகளோடு பில்ட்மோர் ஓட்டலில் தொடங்கியது. 1963-ல் போலந்திலிருந்து வந்த பாஸ்க் என்ற பொலிகுதிரை மறு வருடமே அமெரிக்கத் தேசிய சாம்பியன். அதிலிருந்து போலந்து வம்சத்துக்கு ஏகக் கிராக்கி.

80களில் ஏலத்துக்கு வந்தவர்களில் பலர் சேணத்தைத் தொட்டதுகூடக் கிடையாது. தீவனம், லாயம், தேய்மானம் எல்லாவற்றையும் நட்டமாகக் காட்டி, மற்ற வருமானத்துக்கான வரியைக் குறைத்துக்கொண்டார்கள். நேரடியாக ஈடுபடாத தொழிலின் நட்டத்தை அப்படிக் கழிப்பதற்கு 1986-ன் அமெரிக்க வரிச் சட்டம் கடிவாளம் போட்டது. வாங்க ஆளில்லை. ஆனால் குதிரைக்குச் சினைக்காலம் 11 மாதம்; முன்பே இணைசேர்த்த குதிரைகள் குட்டி போட்டுக்கொண்டே இருந்தன. விலை விழாமல் என்ன செய்யும்?

கண்காட்சி மட்டும் நிற்கவில்லை. களத்தில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்தபடி குதிரையின் கழுத்தை நீட்டி நிறுத்தும் பாணியை இன்றும் பார்க்கலாம்.