ஏர்கான் இல்லாமலும் நிற்க வேண்டும்: பிராசஸர், ராம் ஓவர்கிளாக் கேள்வி பதில்

டெஸ்க்டாப் கணினியின் பிராசஸரையும் ராமையும் பாதுகாப்பாக ஓவர்கிளாக் செய்வது, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டுவது பற்றி சிங்கப்பூரிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் வட்டாரம். மடிக்கணினி பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றின் கூலரில் இதற்கெல்லாம் இடமே கிடையாது.

ஈசூன்: அண்ணே, ரைசன் 5 7600எக்ஸ், பி650 போர்டு, டிடிஆர்5-6000 சிஎல்30 ராம் 16 ஜிபி இரண்டு வாங்கியிருக்கேன். எதிலிருந்து ஆரம்பிக்கணும்?

தம்பி, முதல் நாள் எதையும் கூட்டாதீங்க. பயாஸை (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிச்சுட்டு, எல்லாம் கம்பெனி செட்டிங்கிலேயே இருக்க, சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை 10 நிமிஷம் ஓடவிடுங்க. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் தெரியும் வெப்பநிலை, வேகம், வோல்டேஜ், அப்புறம் சினிபெஞ்ச் மதிப்பெண், நாலையும் எழுதி வையுங்க. பின்னால் எது கூடியது, எது கெட்டது என்று சொல்ல இந்தத் தாள்தான் ஆதாரம்.

அடுத்து ராம் மட்டும். பயாஸில் எக்ஸ்போ சுயவிவரத்தை (ராமைப் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டும் தயார் செட்டிங்) இயக்குங்க. விண்டோஸுக்குள் போவதற்கு முன்னாலேயே, யூஎஸ்பியில் மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளைப் போட்டு அதிலிருந்து கணினியைத் தொடங்குங்க. இலவசப் பதிப்பு 4 சுற்று ஓடும், நாலும் முடியட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. பிராசஸர் நிலை தடுமாறினால் பெரும்பாலும் கணினி உறைந்துபோகும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும், நமக்கும் தெரிந்துவிடும். ராம் தவறினால் சத்தமே இல்லாமல் ஒரு பிட் மாறி, அந்தத் தப்பான தரவு அப்படியே டிஸ்கில் எழுதப்படும். படங்கள், விண்டோஸ் கோப்புகள் எல்லாம் கெட்டுப்போன பிறகுதான் விஷயம் தெரியும். அதனால்தான் ராமை முதலில் சோதிக்கச் சொல்கிறேன்.

ராம் தேறிய பிறகு பிராசஸர். பிபிஓவை (பிராசஸரின் வரம்புகளை மாற்ற விடும் ஏஎம்டி வசதி) அட்வான்ஸ்டு நிலைக்கு மாற்றி, வெப்ப வரம்பை 85 டிகிரி என்று வையுங்க (இந்தச் சிப்பின் உச்ச வரம்பு 95). வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோர்களுக்கும் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) நெகட்டிவ் 10. நின்றால், அதாவது பிழையோ ரீஸ்டார்ட்டோ இல்லாமல் தாக்குப்பிடித்தால் 15, பிறகு 20. உச்ச வேகத்தைக் கூட்டும் பூஸ்ட் ஓவர்ரைடைக் கடைசியில் தொட்டால் போதும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

தெம்பனீஸ்: ராத்திரி ஏர்கான் போட்டுச் சோதிச்சா எல்லாம் தேறுது. மறுநாள் மத்தியானம் கேம் விளையாடினா ரீஸ்டார்ட் ஆகுது. பவர் சப்ளையை மாத்தணுமா?

அவசரப்பட்டு எதையும் வாங்காதீங்க. நீங்க சோதித்தது 24 டிகிரி அறையில், விளையாடுவது 32 டிகிரி அறையில். காற்றாலோ தண்ணீராலோ குளிரவைக்கும் எந்தக் கூலரும் அறை வெப்பநிலைக்கு மேல்தான் கணக்கைத் தொடங்கும். அறை 8 டிகிரி கூடினால் சிப்பும் ஏறக்குறைய அதே 8 டிகிரி கூடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடினால், 400 வாட் இழுக்கும் கணினி அந்த 400 வாட்டையும் வெப்பமாக அறைக்குள்ளேயே விடுகிறது. ஒரு மணி நேரத்தில் அந்த 32-உம் தாண்டிவிடும்.

நம் ஊரில் பெரும்பாலும் முதலில் தடுமாறுவது ராம்தான். அதன் செல்களில் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும், சூடு ஏறினால் கசிவு வேகமாகும். அதை அவ்வப்போது புதுப்பிக்கும் இடைவெளிதான் டிரெஃபி. வேகம் வேண்டும் என்று அதை 65535 வரை கூட்டச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. குளிர்ந்த நாட்டில் அது நிற்கலாம். இங்கே மத்தியானத்தில், கிராஃபிக்ஸ் கார்டின் சூடான காற்று நேராக ராம் மேல் அடிக்கும்போது நிற்காது.

செய்ய வேண்டியது இது. பிற்பகல் 2 மணிக்கு ஏர்கானை அணைத்து, கதவைச் சாத்தி, கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு சுமை, ராமுக்கு டெஸ்ட்மெம்5, இரண்டையும் சேர்த்து ஓட்டுங்க. டிடிஆர்5 ராமிலேயே வெப்ப உணரி இருக்கிறது, எச்டபிள்யூஇன்ஃபோவில் தெரியும். 55 டிகிரிக்குக் கீழே இருந்தால் நிம்மதி. பிழை வந்தால் டிரெஃபியை முதலில் ஆட்டோவுக்குத் திருப்புங்க. அதிலும் வந்தால் ராமுக்கு மேலே ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் வையுங்க. வோல்டேஜைக் கூட்டுவது கடைசி வழி, ஏனென்றால் அது சூட்டையும் சேர்த்தே கூட்டும்.

பொங்கோல்: 6000 சிஎல்30, 6400 சிஎல்36. ரெண்டும் ஒரே விலை. ரைசன் 7000-க்கு எது?

6000 சிஎல்30. சிஎல் எண்ணை (ராம் பதில் தர எடுக்கும் சுற்றுகள்) 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோசெகண்டில் கிடைக்கும். முதலாவது 10, இரண்டாவது 11.25. தவிர, 6400-ஐ ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் ஓட்ட பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலர், ராமின் கடிகார வேகமான 3200 மெகாஹெர்ட்ஸில் (6400-இல் பாதி) ஓட வேண்டும். எல்லாச் சிப்புக்கும் அது முடியாது.

ஜூரோங் வெஸ்ட்: எக்ஸ்போ போட்டதும் எஸ்ஓசி வோல்டேஜ் தானா 1.3-க்குப் போயிடுச்சு. பயமா இருக்கு.

பயப்பட வேண்டாம், ஆனால் குறைத்துவிடுங்க. பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போகும் வோல்டேஜ் இது. 2023-இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சாக்கெட்டோடு கருகின. அதற்குப் பிறகு ஏஎம்டி பயாஸ் வழியாக எஸ்ஓசி வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு போட்டது. நீங்கள் அந்த வரம்பின் விளிம்பில் நிற்கிறீர்கள். 6000 வேகத்துக்குப் பெரும்பாலும் 1.20 முதல் 1.25 போதும். 1.25-இல் கையால் வைத்துச் சோதியுங்க, நின்றால் 0.02 வீதம் இறக்கிப் பாருங்க. பயாஸ் 2023 மே மாதத்துக்கு முந்தையது என்றால் இன்றைக்கே புதுப்பியுங்க.

அங் மோ கியோ: எக்ஸ்போவைச் சேமிச்சு வெளியே வந்தேன். திரை கறுப்பு, ஃபேன் மட்டும் சுத்துது. போச்சா?

போகலை அக்கா. டிடிஆர்5 போர்டு புது செட்டிங்கில் முதன்முறை தொடங்கும்போது ராமுக்குப் பொருந்தும் அளவுகளைத் தானே தேடும் (மெமரி டிரெய்னிங்), பல நிமிஷம் ஆகலாம். பாதியில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். 15 நிமிஷம் தொடாமல் விடுங்க.

அப்புறமும் வரவில்லையென்றால் பவர் சப்ளை சுவிட்சை அணைத்து, சுவர் பிளக்கையும் கழற்றுங்க. ஆன் பட்டனை 10 விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்க. பிறகு போர்டில் பயாஸ் செட்டிங்கை அழிக்கும் சிமாஸ் கிளியர் ஊசிகள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் சில விநாடி சேர்த்துத் தொடுங்க. ஊசி கண்ணில் படவில்லையென்றால் சிஆர்2032 பேட்டரியை 5 நிமிஷம் கழற்றி வைத்தாலும் போதும்.

ராம் இரண்டு என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி 2-ஆவது, 4-ஆவது ஸ்லாட்டில் இருக்கிறதா பாருங்க. நான்கு ராம் போட்டிருந்தால் 6000-ஐ எதிர்பார்க்காதீங்க. நான்கு இரட்டை ரேங்க் ராமுக்கு (ஒவ்வொன்றிலும் சிப்புகள் இரண்டு தொகுதியாக இருப்பவை) ரைசன் 7000-இல் ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 3600 மட்டுமே. தனித்தனிப் பெட்டியில் வாங்கிய இரண்டு ஜோடிகளைக் கலப்பதும் வம்புதான், ஒரே மாடல் என்றாலும் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம்.

செங்காங்: தம்பி, ஐ5 13400, பி760 போர்டு. என் மகன் இதை 5 கிகாஹெர்ட்ஸ் ஆக்கணும்னு நிக்கிறான்.

முடியாது ஐயா. இன்டெலில் பெயரின் கடைசியில் கே இருக்கும் பிராசஸரும், இசட் வரிசைப் போர்டும் சேர்ந்தால்தான் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியைக் கூட்ட முடியும். ராமில் எக்ஸ்எம்பி (எக்ஸ்போ மாதிரி இன்டெலின் சுயவிவரம்) போடலாம், அது வேலை செய்யும். பி கிளாக் எனும் அடிப்படைக் கடிகாரத்தை 100 மெகாஹெர்ட்ஸிலிருந்து கூட்டிப் பார்க்கிறேன் என்றால் விடாதீங்க. பல போர்டுகளில் பிசிஐ பாதைகளும் அதோடு சேர்ந்து ஓடும், டிஸ்கில் இருக்கும் தரவுக்கே ஆபத்து.

உட்லண்ட்ஸ்: ஐ7 13700கே. ஓவர்கிளாக் எதுவும் இல்லை. ஆனாலும் கேம் தொடங்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று வந்து மூடிக்கொள்கிறது. கார்டில் 12 ஜிபி இருக்கிறது.

இது கிராஃபிக்ஸ் கார்டின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய், சிப்பே தேயும் கோளாறு இருந்தது. அதன் அடையாளங்களில் இந்தச் செய்தியும் ஒன்று. 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோடு (பிராசஸரின் உள் மென்பொருள்) திருத்தங்கள் வந்தன. இரண்டாவதோ அதற்குப் பிந்தையதோ உள்ள பயாஸைப் போட்டு, இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுங்க.

ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பைத் திருத்தம் குணப்படுத்தாது. பயாஸ் மாற்றிய பிறகும் எக்ஸ்எம்பி இல்லாமலேயே அதே பிழை வந்தால், வோல்டேஜ் கூட்டிச் சமாளிக்காதீங்க, மாற்றிக் கேளுங்க. பாதிக்கப்பட்ட பெட்டிப் பிராசஸர்களுக்கு இன்டெல் உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டி, மொத்தம் 5 ஆண்டு ஆக்கியிருக்கிறது.

கிளமெண்டி: எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டி, 1.4 வோல்ட் நிலையாகக் கொடுக்கலாமா?

வேண்டாம். வெப்பம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் (வோல்டேஜை வோல்டேஜால் பெருக்கிய அளவு) கூடும். 5.0-இலிருந்து 5.2 கிகாஹெர்ட்ஸுக்குப் போக 1.25 வோல்ட்டை 1.35 ஆக்கினீர்கள் என்று வையுங்கள். கிடைக்கும் வேகம் 4 விழுக்காடு, கூடும் வெப்பம் ஏறக்குறைய 21 விழுக்காடு. 1.4 அதைவிட மோசம். அதிக வோல்டேஜும் அதிகச் சூடும் சேர்ந்தால் சிப்புக்குள் இருக்கும் உலோகக் கம்பிகளில் அணுக்கள் மெல்ல இடம்பெயரும். இன்றைக்கு நிற்கும் செட்டிங் சில மாதத்தில் நிற்காமல் போவது அதனால்தான்.

இப்போதைய பிராசஸர்களை வோல்டேஜ் குறைத்து ஓட்டுவதே லாபம், நம் தட்பவெப்பத்துக்கு அதுதான் பொருத்தமும். சூடு குறைந்தால் பூஸ்ட் தானாகவே உயரும். லோட்லைன் அளவை (சுமை ஏறும்போது இறங்கும் வோல்டேஜை ஈடுகட்டும் பயாஸ் செட்டிங்) நடுவிலேயே விடுங்க. உச்சத்தில் வைத்தால் சுமை விலகும் கணத்தில் வோல்டேஜ் துள்ளும், அந்தத் துள்ளல் மென்பொருளில் தெரியவும் தெரியாது.

பிடோக்: மீன்தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் கருவியை வாட்டர் கூலிங்கோடு இணைக்கலாமா?

இணைக்கலாம், ஆனால் இந்த ஊரில் ஈரப்பதம் உங்களை விடாது. 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதத்தில் பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஏறக்குறைய 26 டிகிரி. தண்ணீர் அதற்குக் கீழே போனால் குழாயிலும் சாக்கெட்டைச் சுற்றியும் நீர் கோக்கும், போர்டு போய்விடும். சாதாரண வாட்டர் கூலர் அறை வெப்பநிலைக்குக் கீழே போகாது, அதனால் அதற்கு இந்தக் கவலை இல்லை.

ரோச்சோர்: சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினேன். ஓவர்கிளாக் செய்து கெட்டால் லெமன் சட்டம் கைகொடுக்குமா?

கொடுக்காது. குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்க 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த அந்தச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை முதலிலிருந்தே இருந்ததாகக் கருதப்படும். வாங்கியவரே சேதப்படுத்தியதற்கு அது பொருந்தாது. எக்ஸ்போவையும் ஏஎம்டி ஓவர்கிளாக் கணக்கில்தான் சேர்க்கிறது. ஆகவே புதுப் பொருளை முதல் இரண்டு வாரம் கம்பெனி செட்டிங்கிலேயே நன்றாகச் சோதித்து, குறை இருந்தால் அப்போதே கடைக்குக் கொண்டுபோங்க.

ஈசூன் (மறுபடியும்): நெகட்டிவ் 20 போட்டேன் அண்ணே. சினிபெஞ்ச் 30 நிமிஷம் நின்னுச்சு. யூடியூப் பார்க்கும்போது ரீஸ்டார்ட் ஆகுது!

அது எதிர்பார்த்ததுதான். சினிபெஞ்சில் எல்லாக் கோரும் ஓடுவதால் வேகம் உச்சத்துக்குப் போகாது. யூடியூப் மாதிரி லேசான வேலையில் ஒரே கோர் உச்ச வேகத்துக்குத் தாவும், குறைத்த வோல்டேஜ் அங்கேதான் போதாமல் போகும். கோர்சைக்கிளரை ராத்திரி முழுக்க ஓட்டுங்க, அது கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும்.

விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் வன்பொருள் பிழைகளைப் பதியும் வியா-லாகர் என்ற பெயரில் 18-ஆம் எண் பிழை இருக்கிறதா பாருங்க. அதில் ஏபிக் ஐடி என்று ஒரு எண் இருக்கும். உங்கள் 7600எக்ஸில் அதை 2-ஆல் வகுத்து மீதியை விட்டால் கோர் எண், 0-இலிருந்து எண்ணணும். 4-உம் 5-உம் கோர் 2-ஐக் காட்டும். அந்தக் கோரை மட்டும் நெகட்டிவ் 12-க்குக் கொண்டுவாங்க, மற்றவை 20-இலேயே இருக்கட்டும். எல்லாம் நின்ற பிறகு செட்டிங்கை பயாஸில் சேமிப்பதோடு விடாமல், பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்க. அடுத்த பயாஸ் புதுப்பிப்பில் சேமித்த சுயவிவரங்கள் அழிந்துபோகலாம்.