பத்து மணிக்கு வர வேண்டிய கெட்ட செய்தி

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராகச் சேர்ந்தேன். பிறகு லைன் சூப்பர்வைசர், சென்ற மாதத்திலிருந்து புரொடக்‌ஷன் மேனேஜர். லைன் பின்தங்கினால் நானே மிஷினில் உட்கார்ந்து தைக்கிறேன், சத்தமும் போடுகிறேன். ஆனாலும் டார்கெட் வருவதில்லை. நல்ல மேனேஜர் என்னதான் செய்ய வேண்டும்?

ச.

அன்புள்ள ச.,

முதலில் மிஷினை விட்டு எழுந்துவிடுங்கள். ஓவர்லாக்கில் பழகிய கை, லைன் தடுமாறினால் அங்கேதான் போகும். சாதாரண டி-ஷர்ட்டையே எடுத்துக்கொள்வோம். ஓவர்லாக்கில் சைடு, அதாவது பக்கத் தையல், அடிக்க ஒரு பீஸுக்கு 45 விநாடி என்றால் இரண்டு டெய்லருக்கு மணிக்கு 160. அடுத்து பாட்டம், அதாவது கீழ் விளிம்பை மடித்து, அடிக்கும் பேட்லாக் மிஷினில் ஒரே ஆள், 30 விநாடி, மணிக்கு 120. நீங்கள் மூன்றாவது ஆளாகச் சைடு அடித்தால் 240 பீஸ் வந்து பேட்லாக் முன்னால் குவியும். லைனை விட்டு வெளியே போவது அதே 120தான். அந்த ஒரு மணி நேரம் லைனைப் பார்க்கவும் ஆள் இல்லை.

எந்த இடம் இறுக்கம் என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் 10 பீஸ், காலையில் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை. நூல் மாற்ற, பண்டல் அவிழ்க்க, தண்ணீர் குடிக்க என்று 15 சதம் சேருங்கள். 30 விநாடி 34.5 ஆகும், மணிக்கு 104 பீஸ். மணிக்கு மணி டார்கெட்டும் தைத்ததும் எழுதும் போர்டில் 100 என்று எழுதலாம்.

130 என்று எழுதி, வராதபோது சத்தம் போட்டால் என்ன ஆகும்? போர்டு பொய் சொல்லத் தொடங்கும். 80 பீஸ் தைத்த மணிக்கு 100 என்று எழுதி, அடுத்த மணியில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று சூப்பர்வைசர் நினைப்பார். ஆல்டர் பீஸ்கள், அதாவது பிரித்துத் திருத்த வேண்டிய பிழைத் தையல்கள், பண்டலுக்கு அடியில் போகும். அவசரத்தில் பண்டல் நம்பர் மாறி, ஒரே பனியனில் முன்பக்கம் ஒரு ஷேடு, கை வேறு ஷேடாக வந்து நிற்கும். இவையெல்லாம் உங்களுக்குத் தெரிவது இரவு செக்கிங் டேபிளில். காலை பத்து மணிக்கே கெட்ட செய்தி தானாக வந்து சேர்கிறதா? என் கணக்கில் நல்ல மேனேஜருக்கு இதைவிடச் சரியான சோதனை இல்லை.

அது வர வேண்டுமானால், போர்டில் எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். யார் தவறு என்று கேட்காமல், எது நின்றது என்று கேளுங்கள். ஊசி மழுங்கியது, கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி வெட்டி வரவில்லை, நூல் தீர்ந்தது என்று பதில் வரும். ரிப் வரவில்லை என்றால் கட்டிங் டேபிளுக்கு நடக்க வேண்டியது நீங்கள். முதல் வாரத்தில் சொன்ன குறை அன்றே சரியானால்தான் இரண்டாவது வாரத்தில் உண்மை வரும். ஆல்டர் பீஸைப் பிழையாகத் தைத்த டெய்லரிடமே, உடனே, மெதுவான குரலில் காட்டுங்கள். லைன் முழுக்கக் கேட்கத் திட்டினால் அடுத்த பீஸ் ஒளிக்கப்படும். பெண்களை இழிவாகப் பேசும் சூப்பர்வைசரை, டார்கெட் கொடுக்கிறார் என்பதற்காக விட்டுவைக்காதீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013 முதல் சட்டம்.

லீவுக்கும் ஏற்பாடு வேண்டும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்களில் சிலர் திங்கள் வரமாட்டார்கள். ஒவ்வொரு ஆபரேஷனையும் குறைந்தது இரண்டு பேர் தெரிந்துவைத்திருக்கும்படி ஒரு அட்டவணை போட்டு, டெய்லருக்கு உதவும் கைமடிகளில் ஆர்வமுள்ளவர்களைப் பழக்குங்கள். பேட்லாக்கிலிருந்து தொடங்குங்கள்.

மிச்சம் இருப்பது முதலாளி. 3,000 பீஸை மூன்று நாளில் தருவதாக அவர் பையரிடம் சொல்லியிருப்பார். மணிக்கு 100, எட்டு மணி நேரம், நாளைக்கு 800. புது ஸ்டைல் என்றால் முதல் நாள் பாதிதான் வரும் என்று வையுங்கள். நான்கு நாளில் 2,800. மீதி 200 ஐந்தாம் நாள் காலையில். இந்தக் கணக்கை மூன்றாம் நாள் இரவு சொல்லாமல், துணி கட்டிங்குக்குப் போகும்போதே தாளில் எழுதிக் காட்டுங்கள். கூடவே ஓவர்டைம் என்றால் இரட்டைச் சம்பளத்தில் எவ்வளவு, பேட்லாக்கில் இன்னொரு ஆளைப் போட்டால் எவ்வளவு, வெளியே ஜாப் ஒர்க் கொடுத்தால் எவ்வளவு என்று மூன்று தொகை எழுதுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர் பாடு.