வாய்ப் புற்றுநோயில் புதிய ரத்தக் குழாய்கள் ஏன் முளைக்கின்றன?

இருக்கும் ரத்தக் குழாயிலிருந்து புதுக் கிளைகள் முளைப்பது காயம் ஆறும்போதும் நடப்பதுதான். ஆனால் அங்கே வேலை முடிந்ததும் நின்றுவிடும். புற்றில் நிற்பதில்லை.

காரணம், ஆக்சிஜன் தட்டுப்பாடு. ஒரு செல் ரத்தக் குழாயிலிருந்து சுமார் 0.2 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அதற்கு ஆக்சிஜன் போதுமான அளவு கிடைக்கும். புகையிலையாலும் பாக்காலும் மரபணு கெட்ட செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும்போது, நடுவில் உள்ளவை தவிக்கின்றன. உடனே வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து, பக்கத்துக் குழாய்களைத் தம் பக்கம் கிளைவிட வைக்கின்றன. அனுமதியில்லாமல் வரிசையாக வீடு கட்டி, மெயின் குழாயிலிருந்து திருட்டு இணைப்பு இழுப்பது போலத்தான். தண்ணீர் வந்ததும் வீடுகள் இன்னும் பெருகும்.

இந்த இணைப்பு கிடைக்காவிட்டால் கட்டி சில மில்லிமீட்டரைத் தாண்டாது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-லேயே சொன்னார்.

வலிக்கவில்லை என்றால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, ஆரம்ப வாய்ப் புற்று பெரும்பாலும் வலிக்காது. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணையும் சிவப்புத் திட்டையும் தயவுசெய்து பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.