காலை விமானம், வடக்குப் பயணம்: எந்த ஜன்னல்?

காலை எட்டு மணி விமானம், வடக்கே போகிறது, மலைகள் இரு பக்கமும் வரும், போன முறை இறக்கை மட்டும்தான் தெரிந்தது என்று எழுதியிருந்தீர்கள்.

இந்த முறை இடப்பக்கம் எடுங்கள். வலப்பக்கம் கிழக்கு, வெயில் நேரே முகத்தில் அடிக்கும், ஜன்னலில் உள்ள கீறல் ஒவ்வொன்றும் மின்னும், வெளியே எல்லாம் வெளிறிப்போகும். இடப்பக்கத்திலோ வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து மலைகள்மேல் விழும்; ஒவ்வொரு மடிப்பும் அவ்வளவு தெளிவாகத் தெரியும். பொதுவாக 'ஏ' இருக்கைதான் இடது ஜன்னல்.

இறக்கைக்கு முன்வரிசை கிடைத்தால் விடாதீர்கள். பின்னால் போனால் இன்ஜினின் சூடான காற்றில் காட்சி நெளியும், படம் மங்கும். அப்புறம், சில வரிசைகளில் ஜன்னல் இருக்கைக்குப் பக்கத்தில் வெறும் சுவர்தான் இருக்கும். பணம் கட்டுமுன் அந்த விமான வகையின் இருக்கை வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.