சிப்பியின் தசை மணிக்கணக்கில் இறுகி நிற்பது எப்படி? ஹார்மோன்களுக்கு அதில் பங்கு உண்டா?

உண்டு. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. கட்டளை வந்தால் தசை சுருங்கும், கட்டளை நின்றால் தளரும் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். சிப்பியின் சில தசைகளில் சுருங்கவும் கட்டளை வேண்டும், தளரவும் தனியாக ஒரு கட்டளை வேண்டும். இடையில் இறுகி நிற்பதற்குத்தான் எதுவும் வேண்டாம்.

இதற்காக மிக அதிகமாக ஆராயப்பட்டது மிட்டிலஸ் எடுலிஸ் என்னும் நீலச் சிப்பி. ஐரோப்பியக் கடலோரப் பாறைகளில் நார்களால் தன்னைக் கட்டிக்கொண்டு வாழ்வது. அந்த நார்க்கற்றையை இழுத்துப் பிடிக்கும் முன்புறத் தசையை வெட்டியெடுத்து, இரு முனைகளிலும் நூல் கட்டி, கடல்நீர் நிரம்பிய சிறு கலத்தில் தொங்கவிடுவார்கள். ஒரு முனை விசையைப் பதிவுசெய்யும் கருவியோடு இணைந்திருக்கும். சுருங்கச் சொல்லும் நரம்புக் கட்டளைப் பொருளான அசிட்டைல்கோலினை விட்டால் வரைகோடு மளமளவென்று ஏறும். அதைக் கழுவிவிட்ட பிறகும் கோடு இறங்காது. மிக மெதுவாகச் சரிந்தபடி உயரத்திலேயே நிற்கும். அந்த நேரத்தில் செல்லுக்குள் கால்சியம் ஏறக்குறையப் பழைய அளவுக்கே குறைந்திருக்கும்; ஆற்றல் செலவும் மிகச் சொற்பம். தாழ்ப்பாள் போட்ட கதவைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்க வேண்டியதில்லை அல்லவா, அப்படி. இப்போது தளரச் சொல்லும் கட்டளைப் பொருளான செரோட்டோனினை விட்டால் கோடு சட்டென்று விழுந்துவிடும். அது, செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏ.எம்.பி.யை உயர்த்துகிறது, அதனால் தூண்டப்படும் நொதி, டுவிட்சின் என்னும் புரதத்தில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது, பிடி விடுகிறது.

பெப்டைடுகள், அதாவது சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள், இந்த நாடகத்துக்குள் வந்த வழி வேறு. 1977இல் அமெரிக்காவில் டேவிட் பிரைஸ், மைக்கேல் கிரீன்பெர்க் இருவரும் ஒரு மட்டியின் நரம்பு முடிச்சுகளிலிருந்து, மட்டி இதயத்தின் துடிப்பை வலுப்படுத்தும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நான்கே அமினோ அமிலங்கள்: ஃபீனைல்அலனின், மெதியோனின், ஆர்ஜினின், மறுபடியும் ஃபீனைல்அலனின். எஃப்எம்ஆர்எஃப்அமைடு என்று அதற்குப் பெயர். நீலச் சிப்பியின் தசையில் இதைக் குறைந்த செறிவில் விட்டால் இறுகிய பிடி தளர்கிறது. செறிவைக் கூட்டினால் அதே தசை சுருங்குகிறது! ஒரே மூலக்கூறு, ஒரே தசை, அளவு மட்டுமே வேறு. அதனால்தான் 'இந்த ஹார்மோன் தசையைச் சுருக்குமா, தளர்த்துமா?' என்று கேட்டால் நான் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல மறுக்கிறேன். எவ்வளவு, எந்தத் தசை, அப்போது அது எந்த நிலையில் இருந்தது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 1987இல் நீலச் சிப்பியின் பாத நரம்பு முடிச்சிலிருந்து ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட இன்னொரு பெப்டைடைப் பிரித்தார்கள். இறுகிய பிடியைத் தளர்த்துவதில் அது அவ்வளவு வல்லது என்பதால் அதன் பெயரே பிடிதளர்த்தும் பெப்டைடு என்றாயிற்று. அடுத்த ஆண்டே, சுருங்கவிடாமல் தடுக்கும் ஆறு அமினோ அமிலப் பெப்டைடுகளும் அங்கிருந்தே கிடைத்தன. மூளை என்று சொல்லும்படி ஒன்றில்லாத உயிரில் இத்தனை நுணுக்கமா என்பதுதான் என்னை இன்றும் இந்தத் துறையில் கட்டிப்போட்டிருக்கிறது.

இவற்றைப் பொத்தாம்பொதுவாக ஹார்மோன் என்று சொல்வதுண்டு. ஆனால் இந்தத் தசையில் இவை பெரும்பாலும் நரம்பு முனையிலிருந்து அருகிலேயே வெளியாகி, அசிட்டைல்கோலினும் செரோட்டோனினும் செய்யும் வேலையைக் கூட்டியோ குறைத்தோ விடுகின்றன. நீங்கள் மேலும் படிக்க விரும்பினால் இந்தக் கூட்டு வேலையிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பெப்டைடையும் தனித்தனியே படித்தால் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவது போலவே தோன்றும்.