வேப் இழுத்தால் தொண்டை எரிகிறது, உதடு தடிக்கிறது: பிஜி ஒவ்வாமையா, மட்டமான லிக்விடா?

கேள்வி கேட்டவர் சொன்னது இவ்வளவுதான்: ஆறு மாதமாக வேப் பழக்கம், அதாவது லிக்விடைச் சூடாக்கி ஆவியாக இழுக்கிற இ-சிகரெட். இழுத்தால் தொண்டை கரகரக்கிறது, சில நாள் உதட்டோரம் தடித்து அரிக்கிறது. விலை கூடின, தரமான லிக்விடுக்கு மாறினால் சரியாகுமா?

நான் மருத்துவன் இல்லை. மார்த்தாண்டம் பக்கம் சொந்த ஊர். ஷார்ஜாவில் ஒரு பால் ஆலையில் ஒன்பது வருஷம் சில்லர் மெக்கானிக்காக இருந்தேன். அதில் நாலு வருஷம் வேப் இழுத்தேன். உங்களுக்கு வந்த அதே தடிப்பு எனக்கும் வந்தது, அதனால் எழுதுகிறேன். ஒன்று மட்டும் முதலில்: உதடு, நாக்கு, கண்ணிமை வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, இதைப் படிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பதில் இங்கேதான் இருக்கும்.

லிக்விடில் இருப்பது நாலே சாமான். புரொப்பிலீன் கிளைக்கால், அதைத்தான் பிஜி என்கிறார்கள். விஜி என்கிற தாவரக் கிளிசரின். நிக்கோட்டின். அப்புறம் வாசனைச் சரக்கு. முதல் மூன்றும் மூன்று பொருள்கள்தான். நாலாவது என்பது ஒரு பொருள் இல்லை, அது ஒரு மூட்டை. மாம்பழம் என்று எழுதியிருக்கும் ஒரு குப்பிக்குள் பத்து இருபது ரசாயனம் இருக்கலாம். பெரும்பாலும் லேபிளில் அவை எல்லாம் சேர்ந்து ‘ஃபிளேவரிங்’ என்ற ஒரே சொல்லாகிவிடும்.

கிளைக்கால் எனக்குப் பழைய சிநேகம். பாலைக் குளிரவைக்கும் குழாயில் ஓடுகிற தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்க அதில் கிளைக்கால் கலப்போம். உணவு ஆலை என்பதால் புரொப்பிலீன் கிளைக்கால்தான். காரின் ரேடியேட்டருக்குப் போகிற எத்திலீன் கிளைக்கால் விஷம், அது எங்கள் வாசலுக்குள்ளேயே வரக்கூடாது. இரண்டுக்கும் நிறம் கிடையாது, இரண்டும் கொழகொழவென்று இருக்கும். டிரம்மைத் திறந்து பார்த்து எது எதுவென்று எங்கள் போர்மேனாலும் சொல்ல முடியாது. டிரம்மோடு வந்த காகிதத்தையும் பேட்ச் எண்ணையும் வைத்துத்தான் இறக்குவோம். புரொப்பிலீன் கிளைக்காலிலேயே குழாய் துருப்பிடிக்காமல் இருக்க வேறு மருந்து சேர்த்தது ஒன்று, மருந்துத் தரம் ஒன்று. அமெரிக்க மருந்து நூல் தரமான யுஎஸ்பி என்றால் அதில் எத்திலீன் கிளைக்காலும், அதே மாதிரி விஷமான டைஎத்திலீன் கிளைக்காலும் தலா 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். ஆனால் வேலை முடிந்து வெளியே வந்து, கடையில் ஒரு குப்பியை வாங்கி, எந்தக் காகிதமும் கேட்காமல் நெஞ்சுக்குள் இழுத்துக்கொண்டிருந்தேன்.

2019ல் அமீரகத்தில் வேப் சட்டப்படி கடைக்கு வந்தது. சிகரெட்டை நிறுத்துவதற்காக இதற்கு மாறினேன். முதல் மாதமே தொண்டை வறட்சி, ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தேன். இது ஒவ்வாமை இல்லை. பிஜி ஈரத்தை உறிஞ்சும் பொருள், கிளிசரினும் அப்படித்தான். வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். இழுக்கிற எல்லோருக்கும் கூடக் குறைய வரும். நிக்கோட்டின் அளவு ஏறினாலும் தொண்டையில் அறையும். உங்களுக்கு வருகிற கரகரப்பு இந்த வகையாக இருக்கலாம்.

உதட்டுத் தடிப்பு வேறு கதை. எனக்கு அது ஒரு தலைமுடி மருந்தில் ஆரம்பித்தது. வளைகுடாத் தண்ணீரில் முடி கொட்டுகிறது என்று சொல்லாத நம்மாட்கள் உண்டா? நானும் மினாக்சிடில் லோஷன் வாங்கித் தேய்த்தேன். இரண்டே வாரத்தில் உச்சந்தலை அரித்துச் செதில் செதிலாக உரிந்தது. தண்ணீர்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். லீவுக்கு வந்தபோது நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவரிடம் உதட்டைக் காட்டினேன். அவர் உதட்டை விட்டுவிட்டு, “தலைக்கு என்ன தேய்க்கிறீங்க?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த லோஷனில் மருந்தைக் கரைத்து வைத்திருப்பதே புரொப்பிலீன் கிளைக்கால்தான் என்றார். சந்தேகப்படுகிற பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் செய்தார். பிஜி ஒட்டின இடம் சிவந்தது.

அமெரிக்காவில் தொடு ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2018ஆம் ஆண்டின் ‘வருடத்தின் ஒவ்வாமைப் பொருள்’ என்று இந்தப் பிஜியைத்தான் அறிவித்தது. களிம்பு, ஷாம்பு, காது மருந்து என்று எங்கும் இருக்கிறது. உண்மையான ஒவ்வாமை சிலருக்குத்தான். ஆனால் அந்தச் சிலரில் ஒருவராக இருந்தால் ஒரு அடையாளம் இருக்கும்: வேப்பில் மட்டும் வராது. ஏதாவது களிம்பு பூசி அரிப்பு கூடியதா, லோஷன் தேய்த்து எரிந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இழுத்த உடனே எரிவது பெரும்பாலும் எரிச்சல். மணிக்கணக்கு கழித்தோ மறுநாளோ தடித்து அரிப்பது இந்த வகை ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, பிஜி ஆகாது என்று தெரிந்ததும் வேப்பை விட்டேனா? இல்லை. புத்தி அப்படி வேலை செய்யவில்லை. விஜி கூடின லிக்விடைத் தேடினேன். அது எங்கள் அப்பா எடுக்கிற தேன் மாதிரி கட்டி. என் கையில் இருந்த சின்னக் கருவியின் பஞ்சு அதை வேகமாக உறிஞ்சவில்லை. பஞ்சு காய்ந்து, அதைச் சூடாக்குகிற காயில் கம்பியில் கருகி, தாளிக்கும்போது எண்ணெய் தீய்ந்தால் வருமே ஒரு காந்தல், அதே காந்தல் நெஞ்சுக்குள் இறங்கியது. தற்செயல் இல்லை. கிளிசரின் அளவுக்கு மீறிச் சுட்டால் அக்ரோலின் உண்டாகும். தீய்ந்த எண்ணெயிலும் அதுதான். இன்னொரு ஏமாற்றம்: முழுக்க விஜி என்று விற்கிறதிலும் வாசனைச் சரக்கைக் கரைப்பது பெரும்பாலும் பிஜியில்தான். லேபிளில் பூஜ்யம், குப்பிக்குள் கொஞ்சம்.

உதட்டுத் தடிப்பு குறைந்தது. இருமல் குறையவில்லை. வாசனை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். பட்டை வாசனை போட்ட ஒரு லிக்விட்தான் குற்றவாளி. பட்டைக்கு அந்த வாசனை தருகிற சின்னமால்டிஹைடு தோலிலும் ஒவ்வாமை தரும், மூச்சுக்குழாயின் செல்களையும் பாதிக்கும். எங்கள் மாவட்டத்து மலையில் விளைகிற கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்தக் கிராம்பின் யூஜினாலும் தோல் மருத்துவர்களின் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ள பொருள்தான். பட்டையும் கிராம்பும் போட்ட பிரியாணியை நான் ஒரு நாளும் விட்டதில்லை, ஒன்றும் ஆனதில்லை. வயிறு வேறு, நெஞ்சு வேறு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ‘தரம்’ என்று நீங்கள் கேட்டது இங்கேதான் சறுக்குகிறது. லேபிளில் ‘ஃபுட் கிரேடு’ என்று பார்த்தால் மனது ஆறுதல் அடையும். சாப்பிட உகந்தது என்பதைத் தாண்டி அதற்கு அர்த்தமே கிடையாது. அமெரிக்காவின் வாசனைப் பொருள் உற்பத்தியாளர் சங்கமே, தங்கள் பாதுகாப்புப் பட்டியல் உணவுக்குத்தான், இ-சிகரெட்டுக்கு அல்ல என்று சொல்லிவிட்டது. வெண்ணெய் வாசனை தருகிற டைஅசிட்டில் ஒரு உதாரணம். தின்றால் ஒன்றுமில்லை. 2000ல் அமெரிக்காவின் மிசௌரியில் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்கள் அதன் ஆவியை மூச்சில் வாங்கி, நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறிப் போய்த் தவித்தது வெளியே வந்தது. வேப் லிக்விட்களிலும் அதே டைஅசிட்டில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வைட்டமின் ஈ அசிடேட் இன்னொன்று. முகத்துக்குப் பூசுகிற க்ரீமில் இருக்கிறது, மாத்திரையில் இருக்கிறது. 2019ல் அமெரிக்காவில் முக்கியமாகக் கஞ்சாச் சத்து கலந்த கள்ள வேப் குப்பிகளில் இதை ஊற்றி நீர்த்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் ஆஸ்பத்திரியில், 68 பேர் சாவு.

ஊரில் சில பையன்கள் மருந்துக்கடைக் கிளிசரினும் கிறிஸ்துமஸ் கேக்குக்கு வாங்கின எசன்ஸும் கலந்து தாங்களே செய்வதாகச் சொன்னார்கள். தம்பிகளா, வேண்டாம். எசன்ஸ் சிலது எண்ணெயில் கரைத்தது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதற்கென்றே ஒரு நிமோனியா இருக்கிறது.

2023ல் ஊருக்குத் திரும்பினேன். இந்தியாவில் 2019லிருந்தே தடை என்று தெரியும். அந்த வருஷம் செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தாலும் தண்டனை உண்டு. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் மாட்ட வேண்டாம் என்று கருவியை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

ஆனால் ஒரு கல்யாண வீட்டில் முந்தின ராத்திரி காய் வெட்டிக்கொண்டிருந்தபோது கூட்டுக்காரன் ஒருவன் பையிலிருந்து ஒரு டிஸ்போசபிளை, அதாவது தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற வேப்பை எடுத்து, “ஏலே, ஒரிஜினலாக்கும், வெல கூடுன சாதனம்” என்று நீட்டினான். நாலு இழுப்பு. வெடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு விசிலடித்தது. அண்ணன் பைக்கில் ஏற்றி ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நெபுலைசர் வைத்தார்கள். டாக்டர், “அதுல என்ன இருந்துச்சு?” என்று கேட்டார். காலையில் அந்த அட்டைப்பெட்டியை வாங்கிப் பார்த்தேன். பேட்ச் எண் இல்லை, பிஜி எவ்வளவு என்று இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை. ஒரு ஐஸ் திராட்சைப் படம் இருந்தது. ஐஸ் என்றால் குளிர்ச்சிக்கான ரசாயனம். எரிகிற தொண்டையை எரியாத மாதிரி காட்டும், அதனால் கூட ரெண்டு இழுப்பு போகும்.

அப்பா திட்டவில்லை. அவர் தேனீ வளர்ப்பவர். எங்கள் ஊரில் தை, மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து தளிர்க்கும், அந்தத் தளிரின் காம்பில் சுரக்கிற மதுவைத்தான் தேனீ எடுக்கும். வீட்டுக்குத் தேன் வாங்க வருகிறவர்கள் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார்கள், தீக்குச்சியை முக்கிக் கொளுத்துவார்கள், எறும்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். அப்பா வாயைத் திறக்காமல் நிற்பார். சர்க்கரைப் பாகை நன்றாகக் காய்ச்சத் தெரிந்தவனின் தேன் இந்தப் பரீட்சை எல்லாவற்றிலும் பாஸாகும், சோதனைச்சாலையில் மட்டும்தான் மாட்டும் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்குச் சொன்னார்: “மக்களே, நம்ம தேனு வெளிச்சத்துல விக்கிற சாதனம், அதுலயே இவ்வளவு கலப்படம். ஒளிச்சு விக்கிறதுல ஒட்டுன பேப்பர நீ வாசிக்கப் போறியாக்கும்?”

அவர் சொன்னதற்கு 2025ல் ஒரு கொடுமையான சாட்சி கிடைத்தது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்துச் செத்தார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரத்தில். அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். மருந்துத் தரமில்லாத புரொப்பிலீன் கிளைக்காலை வாங்கிப் போட்டது விசாரணையில் தெரிந்தது. லைசென்ஸ் உண்டு, சோதனைச்சாலை உண்டு, அதிகாரி உண்டு, அந்தத் தொழிலிலேயே இப்படி. வேப்பும் தப்பவில்லை. 2009லேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சோதித்த இ-சிகரெட் குப்பிகளில் ஒன்றில் இதே விஷம் ஏறத்தாழ 1 சதவீதம் இருந்தது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இங்கே விலை கூடினது என்றால் விற்கிறவனின் பயத்துக்குக் கூடின விலை, அவ்வளவுதான். இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் நிக்கோட்டின் மில்லிக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, மறுநிரப்புக் குப்பி 10 மில்லிக்கு மேல் கூடாது, உட்பொருளை அறிவிக்க வேண்டும் என்றெல்லாம் விதி உண்டு. அங்கே இருப்பவனுக்குப் பிஜி கம்மியானதாக, வாசனை இல்லாததாகத் தேடிப் பார் என்று சொல்வதில் ஓரளவு அர்த்தம் உண்டு. ஒரு லேபிளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கலாம். நம் ஊரில் விலக்கிப் பார்க்க லேபிளே இல்லையே. இந்த வாரம் வாங்கினதும் அடுத்த வாரம் வாங்கினதும் ஒரே சரக்கு என்று யார் சொல்வது?

நான் நிறுத்தினது நிக்கோட்டின் சூயிங்கத்தை வைத்து, மருத்துவரைக் கேட்டுத்தான். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800 112 356, காசு கிடையாது. முதல் பத்து நாள் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். அதற்கப்புறம் இருமல் போனது. முடி மருந்தையும் பிஜி இல்லாத நுரை வகைக்கு மாற்றிக்கொண்டேன், தலை அரிக்கவில்லை. முடி வந்ததா என்று கேட்காதீர்கள்.

தோல் மருத்துவரிடம் போகும்போது வெட்கப்படாமல் வேப் என்று சொல்லுங்கள். வீட்டில் பூசுகிற களிம்பு, லோஷன், ஷாம்பு எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், அவருக்கு அதுதான் துப்பு. பேட்ச் டெஸ்ட் இரண்டு நாள் முதுகில் ஒட்டியிருக்கும், முதுகு நனையக் கூடாது, எடுத்த பிறகும் ஓரிரு நாள் கழித்து இன்னொரு தடவை பார்ப்பார்கள். நான் பங்குனி வெயிலில் ஒட்டிக்கொண்டு, வியர்வையில் பாதி கழன்று, இரண்டாம் தடவை காசு கொடுத்தேன். நீங்கள் ஆனி, ஆடிச் சாரலில் போங்கள்.