கல்லூரியோடு உறவு தொடர என்ன வழி? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய மாணவர் சங்கங்களைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் குமரி மாவட்டத்திலிருந்தும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் குமரி மாவட்டத்தாரிடமிருந்தும் வந்த கடிதங்களில் ஆறினை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். நாகர்கோவிலில் உள்ள ஒரு கல்லூரியில் 1981-ல் தாவரவியலில் பட்டம் பெற்று, வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் நடைபெறும் பழைய மாணவர் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறேன். பொன்னாடை, குழுப் படம், மதியச் சாப்பாடு, அதோடு கலைந்துவிடுகிறோம். எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கமும் இரங்கல் செய்தியும்தான் வருகின்றன. நான் படித்த துறையோடு மெய்யான தொடர்பு வேண்டும் என்று மனம் கேட்கிறது. என்ன செய்யலாம்?
— ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், தக்கலை

பதில்: ஐயா, பேட்ச் கூடுகையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் கைபிடித்துக்கொள்வது பெரும் பேறு. ஆனால் பேட்ச் என்பது ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே போகும் வட்டம். அதில் புதிதாக ஒருவர் வந்து சேர வழியில்லை, இப்போது அந்த வகுப்பறைகளில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அதில் இடமே இல்லை. ஓர் ஆர்வத்தை நடுவில் வைத்துக் கூடும் குழுவுக்கு இந்தக் குறை கிடையாது. 1981-ல் பட்டம் பெற்ற நீங்களும், 2019-ல் பட்டம் பெற்ற ஒருவரும், இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியும் ஒரே மரத்தின் கீழே நின்று அதன் பெயரைப் பற்றி வாதாட முடியும்.

இது மேல்நாடுகளில் நன்றாக வேரூன்றிய வழக்கம். அமெரிக்காவில் வில்லியம்ஸ் கல்லூரியின் பழைய மாணவர்கள் 1821-லேயே சங்கம் அமைத்தார்கள். இன்றும் இயங்கிவரும் அத்தகைய சங்கங்களில் அதையே மிகப் பழையதாகச் சொல்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் அமைப்போ, ஊர்வாரியான கிளைகளுக்கு அப்பால், ஒரே தொழிலோ ஒரே ஈடுபாடோ உடையவர்கள் சேரும் குழுக்களைத் தனி வகையாகவே அங்கீகரித்து வைத்திருக்கிறது. அவர்களுடைய பணவசதி நமக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் இப்படியொரு குழு நடத்தப் பணம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை என்பதை நான் பணியாற்றிய கல்லூரியிலேயே கண்டேன்.

அங்கே பன்னிரண்டு பேர் சேர்ந்து இயற்கை ஆர்வக் குழு ஒன்றைத் தொடங்கினோம். ஒவ்வொரு முறையும் கூடும் நாளைப் பேசி முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டதால், முதல் மூன்று மாதங்களில் ஒரு தடவைகூடக் கூடவில்லை. ஒருவருக்குக் கல்யாணவீடு, ஒருவருக்கு மருத்துவமனை, மற்றொருவருக்கு மழை. பிறகு, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை 6.30 மணி, தேரூர்க் குளக்கரை என்று நிலையாக வைத்தோம். வருகிறவர் வரட்டும் என்று விட்டோம். ஒரு சனிக்கிழமை மூன்றே பேர் வந்தார்கள். அடுத்த மாதம் பதினேழு பேர். குழு நிலைத்தது அதற்குப் பிறகுதான்.

சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டவை என்பதை அறிந்திருப்பீர்கள். குளிர்காலத்தில் அங்கே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வந்து நிற்பதைப் பார்ப்பதற்குத் தக்கலையிலிருந்து ஒரு பேருந்துக் கட்டணம் போதும். பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை நடத்தி வருகிறார்கள். பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்கென்றே ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்தால் போதும். பறவைப் பெயர்கள் தெரிந்த பழைய மாணவரும் கைப்பேசியில் விரைவாகப் பதியத் தெரிந்த இன்றைய மாணவரும் ஒருவரையொருவர் தேடிப்போக வேண்டிய வேலை அது.

தாவரவியல்காரரான உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு வேலையும் உண்டு. உங்கள் காலத்தில் செய்முறைத் தேர்வுக்காக நீங்கள் செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிக் கொடுத்திருப்பீர்கள். அப்படிச் சேர்ந்த உலர்தாவரத் தாள்கள் பல கல்லூரிகளில் அலமாரிகளில் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. சேகரித்த இடம், நாள், செடியின் பெயர் ஆகியவற்றைப் படித்துப் பட்டியலிட்டால், வேளிமலை அடிவாரத்திலும் வயல் வரப்புகளிலும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு என்னென்ன வளர்ந்திருந்தன என்பதற்குச் சான்று கிடைக்கும். துறைத் தலைவரிடம் போய், வாரத்தில் ஒரு பிற்பகல் வந்து இந்த வேலையைச் செய்துதருகிறேன் என்று கேளுங்கள். அந்த அலமாரியில் உங்கள் கையெழுத்தே உங்களுக்குக் கிடைக்கக்கூடும்.

கேள்வி: என் தந்தை, நான், என் மகள் மூவருமே நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். தந்தையின் 1955-ஆம் ஆண்டுச் சான்றிதழில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் என்றிருக்கிறது; 1988-ல் நான் வாங்கியதில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம்; மகளுடையதில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகப் பழைய மாணவர் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் நாங்கள் யாருடைய மாணவர்கள்?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பது இம்மாவட்டத்தின் வரலாறு. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1937-ல் தொடங்கப்பட்டு, 1957-ல் கேரளப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதற்கு முந்திய ஆண்டு, 1956 நவம்பர் 1-ஆம் நாள், குமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நம் கல்லூரிகளும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் கீழும், 1990-ல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதன் கீழும் சென்றன. இடையில் சென்னைச் சான்றிதழ் வாங்கிய சித்தப்பாவோ மாமாவோ உங்கள் குடும்பத்தில் இருந்தால் நான்கும் நிறைந்துவிடும். ‘மனோன்மணீயம்’ நாடகத்தை 1891-ல் வெளியிட்ட சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எல்லை மாறினாலும் கல்வியின் வழி மாறவில்லை என்று தோன்றுகிறது.

சான்றிதழின் உண்மைத்தன்மையைச் சரிபார்ப்பது போன்ற அலுவல்களுக்குப் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தைத்தான் அணுக வேண்டும். ஆர்வக் குழுவில் சேருவதற்கு அந்த முத்திரையை யாரும் கேட்கக் கூடாது. நீங்கள் மூவரும் அக்கல்லூரியின் மாணவர்கள், அது போதும். ஆனால் ஒரு யோசனை சொல்கிறேன். இப்படி நான்கு பல்கலைக்கழகங்களின் சான்றிதழ்கள், அக்கால வினாத்தாள்கள், கல்லூரி ஆண்டு மலர்கள், விடுதிக் கணக்குகள் ஆகியவற்றைப் படியெடுத்துத் தொகுக்கும் ஆவணக் குழு ஒன்றை நீங்களே தொடங்கலாம். தந்தையார் நலமாக இருந்தால் முதலில் அவருடைய நினைவுகளை ஒலிப்பதிவு செய்துவிடுங்கள். அதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: குளச்சல்காரனாகிய நான் இப்போது மஸ்கட்டில் வேலை செய்கிறேன். இயற்பியல் படித்த எங்கள் நண்பர்கள் எட்டுப் பேர் பல நாடுகளில் இருக்கிறோம். பெரும்பாலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். கடலையும் வானிலையையும் பற்றி இன்றைய மாணவர்களோடு சேர்ந்து ஏதேனும் செய்ய வேண்டும் என்பது எங்கள் விருப்பம். பணமும் அனுப்ப இயலும். வெளிநாட்டுப் பணம் என்பதால் கல்லூரிக்கோ சங்கத்துக்கோ சிக்கல் வருமா?
— வாசகர், மஸ்கட்

பதில்: தம்பி, முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில், பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைவிட, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதே முக்கியம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நீங்கள், உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியாக அனுப்பும் தொகை வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. உங்கள் எட்டுப் பேரில் ஒருவர் கனடாக் குடியுரிமை பெற்றிருந்தால், அவர் குளச்சலிலேயே பிறந்தவரானாலும், அவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்புதான். அங்கே பதிவு செய்யப்பட்ட ஒரு சங்கத்தின் பெயரில் அனுப்பினாலும் அப்படியே. அதைப் பெறுவதற்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அத்தொகை புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். ஆகவே எல்லோருடைய பணத்தையும் ஒருவர் கையில் திரட்டி அனுப்பாதீர்கள். அவரவர் தம் கணக்கிலிருந்து தனித்தனியாக அனுப்பி, கடவுச்சீட்டின் படியையும் பெறுபவரிடம் கொடுத்துவையுங்கள். தொகை பெரிதானால் பட்டயக் கணக்கர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. 2017 நவம்பர் 30-ல் வந்த ஒக்கிப் புயல் நம் கரையோர ஊர்களில் எத்தனை வீடுகளை இருட்டாக்கியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை உயரம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றின் முன்னறிவிப்புகளை வெளியிடுகிறது. அந்த எண்களைப் படித்து, அவை தம் கரைக்கும் தம் வள்ளத்துக்கும் என்ன பொருள் தருகின்றன என்று புரிந்துகொள்ளும் பயிற்சியை மாணவர்களுக்கு நீங்கள் கொடுக்கலாம். கள்ளக்கடலை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் காற்றே இல்லாத நாளில், தென் இந்தியப் பெருங்கடலில் வெகு தொலைவில் வீசிய புயற்காற்று எழுப்பிய நெடிய அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் ஏறுகின்றன. இதைவிடச் சிறந்த அலை இயற்பியல் பாடம் எந்த ஆய்வகத்தில் கிடைக்கும்?

உங்கள் தகப்பனாரைப் போன்ற மூத்த கடலோடிகளை அந்த வகுப்புக்கு ஆசிரியர்களாக அழையுங்கள். நீரின் நிறத்தையும் மேகத்தையும் நட்சத்திரத்தையும் வைத்து அவர்கள் சொல்வதையும், முன்னறிவிப்பு சொல்வதையும் மாணவர்கள் ஓர் ஆண்டு முழுதும் ஏட்டில் அருகருகே எழுதி வரட்டும். மஸ்கட்டிலிருந்து மாதம் ஒரு மணி நேரம் காணொளியில் வந்து அந்த ஏட்டை அவர்களோடு சேர்ந்து பாருங்கள். பணத்தை அதன் பிறகு அனுப்பலாம். எதற்கு எவ்வளவு தேவை என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் குழுவைப் பதிவு செய்துதான் ஆக வேண்டுமா?
— குழுச் செயலாளர், திருவட்டாறு

பதில்: கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் ஏற்கெனவே பதிவு பெற்றிருந்தால், அதன் கீழ் ஒரு பிரிவாக இருங்கள். தனியாகப் பதிவு செய்வதென்றால், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும்; அதன் பிறகு ஆண்டுப் பொதுக்குழு, கணக்குத் தாக்கல் எல்லாம் உங்கள் பொறுப்பு. தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று மன்றமான நாக், பதிவு பெற்ற பழைய மாணவர் சங்கத்தின் பங்களிப்பையும் மதிப்பீட்டில் பார்ப்பதால், கல்லூரிகள் இப்போது இதில் அக்கறை காட்டுகின்றன. ஆய்வுக் குழு வரும் ஆண்டில் மட்டும் உங்களைத் தேடினால், உங்கள் மாதக் கூட்டங்களின் குறிப்பேட்டை எடுத்துக்காட்டி, மற்ற ஆண்டுகளிலும் ஓர் அறையாவது ஒதுக்கித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள்.

கேள்வி: அம்மா, நான் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. கூட்டங்களில் பெரியவர்களே பேசுகிறார்கள். எங்களைப் போன்ற பெண்கள் நாற்காலி போடவும் வரவேற்பில் நிற்கவும்தானா?
— வாசகி, இரணியல்

பதில்: அல்ல, மகளே. உன் வருத்தம் நியாயமானது. வரவேற்புத் தட்டை ஏந்தச் சொன்னால், இந்த முறை அண்ணன்மார் ஏந்தட்டும் என்று அமைதியாகச் சொல். அதோடு உனக்கு விருப்பமான ஒன்றை, வில்லுப்பாட்டோ நூல் வாசிப்போ மென்பொருளோ, நான்கு தோழிகளோடு நீயே தொடங்கு. தலைமைக்கு யாரையும் அழைக்காதே. நேரத்தை மட்டும் பிற்பகல் 2 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு சேர்ந்துவிடலாம். உறுப்பினர்களின் கைப்பேசி எண்களை அவரவர் சம்மதமின்றி யாருக்கும் கொடுக்காதீர்கள். பெண்கள் குழுக்களை விட்டு விலகுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

கேள்வி: வணிகவியல் படித்தவன் நான், ஆனால் கல்வெட்டுகளில் தீராத ஆசை. வரலாற்றுத் துறையின் பழைய மாணவர் குழுவில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?
— வாசகர், முஞ்சிறை

பதில்: சேர்த்துக்கொள்ள வேண்டும். துறைப் பெயரைப் பார்த்துக் கதவை மூடினால் அதற்கு ஆர்வக் குழு என்று பெயர் எதற்கு? கொடைக் கணக்கும் நில அளவும் நெல் அளவும் நிறைந்த கல்வெட்டுகளைப் படிக்கும்போது, கணக்கு தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது வரலாற்றுக்காரர்களுக்கு உதவியாகவே இருக்கும்.

நீங்கள் இருப்பதும் சரியான ஊர்தான். உங்களுக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்தில் கி.பி. 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயிலோடு சேர்த்துச் ‘சாலை’ எனப்பட்ட கல்விக்கூடம் ஒன்றை நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட அந்தக் கல்விச்சாலையில் 95 மாணவர்களுக்கு இடம் ஒதுக்கியதையும், அவர்களுக்கான நடத்தை விதிகளையும் அவனுடைய செப்பேடு கூறுகிறது. தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவ் அதைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் பதிப்பித்திருக்கிறார். மாணவர் எண்ணிக்கை, உணவு, ஒழுக்கம் என்று இன்றைய விடுதி அலுவலகம் கவலைப்படும் அத்தனையும் அதில் இருக்கின்றன.

குழுவின் முதல் ஆண்டில் அந்தச் செப்பேட்டின் வாசகத்தை ஒரு கூட்டத்துக்குச் சில வரிகள் என்று படியுங்கள். கூடவே பழைய தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்துப் பழகுங்கள். அதன் பிறகு சிதறாலில் திருச்சாரணத்து மலைக்குப் போய், பாறையிலுள்ள சமணச் சிற்பங்களின் அருகே வெட்டப்பட்டிருக்கும் எழுத்துகளை நீங்களே படித்துப் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால், தொல்லியல் துறையின் அனுமதியின்றி கல்லின் மேல் தாளை ஒற்றி மையிட்டு மைப்படி எடுக்கவோ, எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணாம்பு தடவவோ கூடாது. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனாலே வெட்டுகளில் நிழல் விழுந்து எழுத்துகள் எழுந்து நிற்கும். 7 மணிக்குள் மலையேறிவிடுங்கள்.